மூன்றாவது மோட்: ஜப்பான் பிசிக்குப் பொதுத் தரம் வந்த விதம்

2000களின் தொடக்கத்தில் பிசி அசெம்பிள் செய்தவர்கள், மெஷினின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் செட்டப்பில் ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். ஃப்ளாப்பி டிரைவ் 1.44 எம்பியா, 720 கேபியா என்று தேர்வுசெய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே ‘ஃப்ளாப்பி 3 மோட் சப்போர்ட்’ என்று இருக்கும். எதிரே ‘டிஸேபிள்டு’. நம் ஊருக்கு வந்த தைவான் போர்டுகள் பலவற்றிலும் அது இருந்தது. அதைத் தொடவேண்டிய வேலை இங்கே யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் அந்த வரி ஜப்பானுக்காக எழுதப்பட்டது.

உலகம் முழுக்க விற்கிற ஒரு போர்டில் ஜப்பானுக்கென்று அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது என்பதுதான் வியப்பு. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்புவரை ஜப்பான் பிசிக்கும் மற்ற நாட்டு பிசிக்கும் ஸ்லாட், திரை, ஃப்ளாப்பி, டிரைவ் எழுத்து எதுவுமே ஒத்துப்போகாது. இந்த இடைவெளி அடைபட்டதில் ஓஏடிஜி என்ற கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. முழுப்பெயர் பிசி ஓபன் ஆர்க்கிடெக்சர் டெவலப்பர்ஸ் குரூப். 1991இல் ஐபிஎம் ஜப்பான் முன்னின்று தொடங்கியது. அதற்கு முன் 1987இல் இதே நோக்கத்தோடு இன்னொரு கூட்டமைப்பு எழுந்து, பெரிய பெரிய கம்பெனிகள் பின்னால் நின்றும் படுத்துவிட்டது. முதலாவது ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் ஜெயித்தது என்பதற்கான விடை 16 புள்ளிக்கு 16 புள்ளி கொண்ட ஒரு சதுரத்துக்குள் இருக்கிறது.

16க்கு 16

கான்ஜி எழுத்து (ஜப்பானியத்தில் எழுதும் சீன எழுத்து) ஒன்றைப் படிக்கிற மாதிரி திரையில் காட்ட 16×16 புள்ளிகள் வேண்டும். அதற்குக் கீழே போனால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு எழுத்துக்கு 256 புள்ளி, அதாவது 32 பைட். ஜப்பானியத் தொழில் தரத்தின் எழுத்துத் தொகுப்பில் முதல் நிலை கான்ஜி 2,965, இரண்டாம் நிலை 3,390, கானா என்ற ஒலியெழுத்துகளும் குறிகளும் பிறவும் 524; மொத்தம் 6,879. எல்லாவற்றையும் 32ஆல் பெருக்கினால் 2,20,128 பைட் வருகிறது. அன்றைய இயக்க முறையான டாஸ் கொடுக்கும் 640 கேபி மெமரியில் மூன்றில் ஒரு பங்கு எழுத்துருவுக்கே போய்விட்டால் மிச்சத்தில் என்ன ஓட்டுவது?

1982 அக்டோபரில் வந்த என்இசியின் பிசி-9801 இதற்கு வன்பொருளில் விடை சொன்னது. எழுத்துருவைத் தனி ராமில் (ROM, படிக்க மட்டும் முடியும் மெமரி) வைத்தது (ஆரம்ப மாடலில் கான்ஜி ராம் தனியாக வாங்கவேண்டிய பொருள், பிறகு உள்ளேயே வந்தது). திரை மெமரியில் எழுத்தின் எண் மட்டும் இருக்கும். படத்தை ராமிலிருந்து எடுத்து மானிட்டருக்கு அனுப்புவது சர்க்யூட்டின் வேலை. 80 பத்தி, 25 வரி என்றால் 2,000 கட்டம். கட்டத்துக்கு 2 பைட் என்றால் 4,000 பைட். ஒரு பக்கத்தை மேலே தள்ள வேண்டுமானால் அந்த 4,000 பைட்டையும் அதோடு வரும் நிற விவரத்தையும் நகர்த்தினால் போதும். 8086 சிப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திரையின் உயரம் 400 கோடு. 400ஐ 25ஆல் வகுத்தால் சரியாக 16. அந்த மெஷினின் திரை அளவே கான்ஜியைப் பார்த்துத் தைத்த சட்டை.

இதே காலத்து ஐபிஎம் பிசியின் சிஜிஏ திரை 200 கோடு. 25 வரி வைத்தால் எழுத்துக்கு 8 கோடு. ஈஜிஏ வந்தபோது 350 ஆயிற்று, எழுத்துக்கு 14. இன்னும் 2 கோடு போதவில்லை. அமெரிக்காவில் விற்ற மெஷினை அப்படியே கொண்டுவந்து டோக்கியோ அலுவலகத்தில் வைக்க முடியாமல் போனதற்கு இந்த 2 கோடு பெரிய காரணம்.

98 வரிசை ஜப்பான் சந்தையில் பாதிக்கும் மேலே பிடித்துக்கொண்டது. என்இசி யாரையும் நகல் செய்ய விடவில்லை. 1987இல் எப்சன் 98ஐ ஒத்த மெஷினை அறிவித்ததும் பயாஸ் விவகாரத்தில் வழக்குப் போட்டது, எப்சன் பயாஸை மாற்றி எழுதி விற்றது, கடைசியில் சமரசம். அதற்குப் பிறகும் என்இசியின் எம்எஸ்-டாஸ், தான் ஓடுவது எப்சன் மெஷினா என்று சோதித்து, ஆம் என்றால் நின்றுவிடும். எப்சன் அந்தச் சோதனையை நீக்கும் சிறு நிரலைத் தன் மெஷினோடு தரவேண்டியிருந்தது.

மற்றவர்கள் ஆளுக்கொரு பாதையில் போனார்கள். தோஷிபாவுக்கு ஜே-3100, புஜிட்சுவுக்கு எஃப்எம்ஆர், ஐபிஎம்முக்கு 5550உம் பிறகு பிஎஸ்/55உம். எல்லாவற்றிலும் எம்எஸ்-டாஸின் ஏதோ ஒரு ஜப்பானிய வடிவம் ஓடியது. ஆனாலும் ஒன்றுக்கு எழுதிய வேர்டு பிராசசர் மற்றதில் ஓடாது. வேகத்துக்காக எல்லா நிரலும் திரை மெமரியில் நேராக எழுதின, அந்த மெமரி இருக்கும் இடம் மெஷினுக்கு மெஷின் வேறு. மென்பொருள் கம்பெனிக்கு மெஷின் எண்ணிக்கை அளவுக்குப் பதிப்பு போடவேண்டிய கட்டாயம். எல்லோரும் 98 பதிப்பை முதலில் முடிப்பார்கள். மற்றவை தாமதமாக வரும், அல்லது வராது. வராததால் மெஷின் விற்காது, மெஷின் விற்காததால் பதிப்பு வராது.

சேர்த்துக்கொண்டே போன ஏஎக்ஸ்

1987 அக்டோபரில் ஏஎக்ஸ் கூட்டமைப்பு முறையாகத் தொடங்கியது. யோசனை அஸ்கி நிறுவனத்தின் கசுஹிகோ நிஷியுடையது. மைக்ரோசாஃப்டின் ஜப்பான் கிளை அதை எடுத்து நடத்தியது. சோனி, ஹிட்டாச்சி, ஷார்ப், சான்யோ, மிட்சுபிஷி, ஓகி, கேசியோ, கேனன், கியோசெரா என்று பெயர்ப் பட்டியல் கனமானது. தோஷிபாவும் புஜிட்சுவும் சேரவில்லை. ஐபிஎம் பிசி/ஏடி மெஷினை எடுத்துக்கொண்டு, ஜப்பானியத்துக்கு வேண்டியதை அதன் மேல் சேர்க்க வேண்டும் என்பது திட்டம். வெளிநாட்டு ஏடி மென்பொருளும் ஓடும், ஜப்பானிய மென்பொருளும் ஓடும்.

சேர்த்தது என்ன? ஜேஈஜிஏ என்ற திரை அட்டை. ஈஜிஏவின் 350 கோட்டை 480 ஆக்கி, கான்ஜி ராமையும் வைத்து, எழுத்தை வன்பொருளிலேயே போடும். ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் 8 புள்ளி அகலம், 19 கோடு உயரம். கூடவே தனி விசைகள் கொண்ட ஏஎக்ஸ் கீபோர்டு. தாளில் பார்த்தால் ஒழுங்கான வேலைதான்.

ஆனால் அதே 1987 ஏப்ரலில் ஐபிஎம் பிஎஸ்/2 மெஷின்களோடு விஜிஏ என்ற புதிய திரைத் தரத்தை அறிவித்துவிட்டது. எந்தச் சிறப்பு அட்டையும் இல்லாமலே 640×480. ஏஎக்ஸ் கையெழுத்தான நாளிலேயே அதன் அடித்தளம் ஒரு தலைமுறை பழையது. அதைவிடப் பெரிய கோளாறு விலையில் இருந்தது. ஏடி மெஷினின் பலமே தைவானிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் அச்சாகும் மலிவான போர்டும் அட்டையும்தான். ஜப்பானுக்கென்று தனி சிப் என்று சொன்ன நிமிஷமே அந்த மலிவு போய்விடுகிறது. நிக்கேயின் கணினி இதழ் ஒன்று 1989இல் 937 கம்பெனிகளில் கணக்கெடுத்தபோது 36,165 மெஷின்களில் 18தான் ஏஎக்ஸ். பிறகு விஜிஏவை ஒட்டி ஏஎக்ஸ்-விஜிஏ என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஏஎக்ஸ் விட்டுப்போன ஒன்று மட்டும் மற்றவர்களிடமும் தென்படுகிறது: அந்த 8க்கு 19 கட்டம்.

எதையும் சேர்க்காத டாஸ்/வி

1990 கடைசியில் ஐபிஎம் ஜப்பான் டாஸ் ஜே4.0/வி என்ற பதிப்பை வெளியிட்டது. ‘வி’ என்பது விஜிஏ. வேண்டியது 80286 அல்லது அதற்கு மேற்பட்ட சிப், எக்ஸ்டெண்டட் மெமரி, சாதாரண விஜிஏ. கான்ஜி ராம் கிடையாது, தனி அட்டை கிடையாது.

விஜிஏவின் சொந்த எழுத்து மோடில் ஒரே நேரத்தில் 256 எழுத்து, தந்திரம் செய்தால் 512. கான்ஜிக்கு அது உதவாது. எனவே டாஸ்/வி திரையை 640×480, 16 நிறப் பட மோடில் வைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தையும் படமாக வரைகிறது. ஓடுகிற நிரலுக்கு மட்டும் தான் 80×25 எழுத்துத் திரையில் இருப்பதாகத் தோன்றும். 80ஐ 8ஆல் பெருக்கினால் 640. 25ஐ 19ஆல் பெருக்கினால் 475. அடியில் 5 கோடு சும்மா கிடக்கும். 98இல் 16 கோட்டு எழுத்துக்கு 16 கோட்டு இடம், மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். இங்கே 3 கோடு மூச்சுவிட இடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கண்ணுக்கு டாஸ்/விதான் சுகம்.

கான்ஃபிக்.சிஸ் கோப்பில் வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்டெண்டட் மெமரியைத் திறக்கும் ஹைமெம். அடுத்து எழுத்துரு டிரைவர். இதுதான் அந்த 215 கேபியை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்து 1 எம்பிக்கு மேலே உள்ள மெமரியில் இறக்கும். பிறகு திரை டிரைவர், அதற்குப் பின் கீபோர்டு டிரைவர், கடைசியாக, ஒலிப்படி தட்டியதைக் கான்ஜியாக மாற்றும் உள்ளீட்டு நிரல். மைக்ரோசாஃப்ட் பதிப்பில் இவற்றுக்கு ஜேஃபாண்ட், ஜேடிஸ்ப், ஜேகீப் என்று பெயர். ஐபிஎம் பதிப்பில் பெயருக்கு முன்னால் டாலர் குறி நிற்கும். திரை டிரைவர் எழுத்தின் உருவத்தை எழுத்துரு டிரைவரிடம்தான் கேட்டு வாங்குகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஜப்பானியத் திரையே எழாது.

திரை டிரைவரின் வரியில் ‘ஹெச்எஸ்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆன், ஆஃப், எல்சி என்று மூன்று மதிப்பு. பழைய மெஷினையோ எமுலேட்டரையோ நோண்டுகிறவர்களை அதிகம் படுத்துவது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பட மோடில் ஒரு திரை என்பது ஒரு நிறத் தளத்துக்கு 38,400 பைட், நான்கு தளத்துக்கு 1,53,600. 98 நகர்த்தும் 4,000 பைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரி ஏறும்போதும் இத்தனையும் நகர்த்தினால் 286 மெஷின் திணறும். அதனால் டாஸ்/வி எதையும் நகர்த்தாமல், திரை மெமரியின் எந்த இடத்திலிருந்து காட்டத் தொடங்க வேண்டும் என்ற முகவரியை மட்டும் கீழே தள்ளுகிறது. ஒரு வரிக்கு 19 கோடு, கோட்டுக்கு 80 பைட், ஆக 1,520 பைட் தள்ளினால் ஒரு வரி ஏறிவிடும். தளம் ஒன்றின் மொத்த இடம் 65,536. அதில் 38,400 போக மிச்சம் 27,136. 1,520ஆல் வகுத்தால் 17 வரி. பதினெட்டாவது வரியில் மெமரியின் விளிம்பு வந்துவிடும். ஐபிஎம்மின் அசல் விஜிஏவில் விளிம்பைத் தாண்டினால் முகவரி தானாகச் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வரும். ‘ஆன்’ அதை நம்பி நடக்கிறது. ஆனால் 512 கேபி, 1 எம்பி மெமரியோடு வந்த சூப்பர் விஜிஏ அட்டைகள் சிலவற்றில் விளிம்புக்கு அப்பாலும் மெமரி இருக்கிறது. அது சுற்றாமல் நேரே போய் அங்கே கிடக்கும் குப்பையைக் காட்டும். டைரக்டரியைப் பட்டியல் போட்டால் முதல் பக்கம் ஒழுங்காக வந்து, கொஞ்சம் ஏறியதும் அடிப்பகுதி அலங்கோலமானால் காரணம் இதுதான்.

‘எல்சி’ என்பது திரையை இரண்டாகப் பிரிக்கும் விஜிஏ ரெஜிஸ்டரைப் பயன்படுத்தும் வழி. குறிப்பிட்ட கோட்டுக்கு வந்ததும் மெமரியின் தொடக்கத்துக்குப் போ என்று அட்டைக்கே சொல்லிவிடுகிறது. சுற்றுதா இல்லையா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. முதலில் எல்சி வைத்துப் பாருங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆஃப். மெதுவாக ஏறும், ஆனால் கெடாது.

அடுத்த சிக்கல் நேரடியாகத் திரை மெமரியில் எழுதும் நிரல்கள். திரை பட மோடில் இருப்பதால், எழுத்து மோடின் வழக்கமான முகவரியில் எழுதினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதற்காக ஒரு பொய்த் திரை மெமரி வைத்தார்கள். நிரல் முதலில் வீடியோ பயாஸை 254ஆம் செயலோடு அழைத்து அந்த மெமரி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். எழுதி முடித்ததும் 255ஆம் செயலோடு அழைத்து, இன்ன இடத்திலிருந்து இத்தனை எழுத்து மாறியிருக்கிறது, வரைந்துவிடு என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு அழைப்பும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, ஐபிஎம்மின் டாப்வியூ என்ற பழைய நிரலிலேயே இருந்தவை. கேட்காமல் எழுதும் அமெரிக்க நிரலுக்கு சி-ஹெச்-இ-வி என்ற கட்டளை: பின்னால் ‘யூஎஸ்’ போட்டால் மெஷின் சாதாரண ஆங்கில பிசி ஆகிவிடும், ‘ஜேபி’ போட்டால் திரும்பவும் ஜப்பானியம். ஒரே மெஷின், ரீபூட் வேண்டாம். ஏஎக்ஸ் வன்பொருள் போட்டுச் செய்ய நினைத்ததை இது ஒரு கட்டளையில் செய்தது.

தாளும் கீபோர்டும்

டாஸ்/வி ஒரு கம்பெனியின் பொருளாகவே நின்றிருந்தால் இன்னொரு பிஎஸ்/55 ஆகியிருக்கும். 1991 மார்ச்சில் ஓஏடிஜி அமைந்தது அதைத் தடுத்தது. ஏஎக்ஸ் உறுப்பினர் பலர் இங்கே வந்தார்கள். ஐபிஎம் 1991இல் ஜே5.0/வி கொண்டுவந்தது, மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் எம்எஸ்-டாஸ் 5.0/வி தயாரித்து மற்ற மெஷின் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. கூட்டமைப்பின் கையில் இருந்தது தொழில்நுட்பக் கையேடு. எந்த அழைப்புக்கு என்ன பதில், எந்த விசைக்கு எந்த எண் என்று எழுதிவைத்த தாள். ஏஎக்ஸ் உறுப்பினரிடம் ‘இதைச் சேர்’ என்றது. ஓஏடிஜி பெரும்பாலும் ‘இதில் கை வைக்காதே’ என்றது. போர்டு, ஸ்லாட், திரை அட்டை எல்லாம் உலகச் சந்தையில் கிடைப்பதே போதும். ஜப்பானுக்கென்று கட்டாயம் வேண்டிய மிச்சத்தை மட்டும் வரையறுத்தால் சரி.

அந்த மிச்சத்தில் முதலாவது கீபோர்டு. ஐபிஎம்மின் 5576-ஏ01 என்ற 106 விசைக் கீபோர்டை ஒட்டி அது அமைந்தது. அமெரிக்க 101ஓடு 5 விசை கூடுதல். ஸ்பேஸ் பாருக்கு இடப்பக்கம் முஹென்கான் (மாற்றாதே), வலப்பக்கம் ஹென்கான் (கான்ஜியாக மாற்று), அதற்கடுத்துக் கதகானா/ஹிரகானா. பேக்ஸ்பேஸுக்கு முன்னால் யென் குறி. வலது ஷிஃப்ட்டுக்கு முன்னால் ‘ரோ’ என்ற கானா. விண்டோஸ் விசைகள் 3 சேர்ந்ததும் 109 ஆயிற்று. குறிகளைத் திருத்தியது 109ஏ. இன்றும் டோக்கியோ கடையில் வாங்கும் லேப்டாப்பின் ஸ்பேஸ் பார் குட்டையாக இருப்பது இதனால்தான்.

யென் குறி விசை ஒரு தனிக் கதை. ஜப்பானியத் தரம் 92ஆம் எண்ணை, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி தரத்தில் பின்சாய்கோடு இருக்கும் இடத்தை, யென் குறிக்குக் கொடுத்துவிட்டது. டாஸ் பாதையைப் பிரிப்பதும் அதே 92. ஆகவே ஜப்பானியத் திரையில் கோப்புப் பாதை முழுக்க யென் குறியாகத் தெரியும். பார்வைக்கு விநோதம், வேலைக்குக் கேடு இல்லை. கேடு வேறு இடத்தில். ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டு முறையில் கான்ஜிக்கு 2 பைட். முதல் பைட் 129இலிருந்து 159 வரை அல்லது 224இலிருந்து மேலே. இரண்டாவது பைட் 64லேயே தொடங்கிவிடுவதால் 92உம் அதில் அடங்கும். ‘அட்டவணை’ என்று பொருள்படும் ஹ்யோ எழுத்து 149, 92. ‘கினோ’ (செயல்பாடு) என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து 148, 92. கதகானா ‘சோ’ 131, 92. ‘சாஃப்ட்வேர்’ என்பதை ஜப்பானியத்தில் எழுதினால் முதல் எழுத்தே அதுதான்! முதல் பைட்டைக் கவனிக்காமல் 92ஐத் தேடும் வெளிநாட்டு நிரல், கோப்புப் பெயரை நடுவில் வெட்டி, இல்லாத டைரக்டரியைத் தேடப் போகும். சி மொழியில் எழுதினால் மேற்கோளுக்குள் இருக்கும் ‘சோ’ அடுத்த எழுத்தை விழுங்கிவிடும். எந்தக் கூட்டமைப்பாலும் இதைத் தீர்க்க முடியவில்லை. யூனிகோடு வந்துதான் கொஞ்சம் அடங்கியது.

இரண்டாவது மிச்சம் ஃப்ளாப்பி. 98 உலகின் 3.5 அங்குல டிஸ்கில் 77 டிராக், பக்கத்துக்கு 8 செக்டர், செக்டருக்கு 1,024 பைட். இரண்டு பக்கத்துக்கும் 12,61,568 பைட். டிஸ்க் நிமிஷத்துக்கு 360 தடவை சுற்றும். ஏடி உலகில் 80 டிராக், 18 செக்டர், 512 பைட், 14,74,560. சுற்று 300. டிஸ்க் ஒன்றேதான், பிளாஸ்டிக் உறைகூட மாறாது. ஆனால் 360இல் எழுதியதை 300இல் படித்தால் நொடிக்கு 500 கிலோபிட் வரவேண்டிய இடத்தில் 417 தான் வரும். கண்ட்ரோலருக்கு எதுவும் பிடிபடாது, ‘டிஸ்க் படிக்க முடியவில்லை’ என்று கைவிரிக்கும். அலுவலகம் முழுக்க 98 டிஸ்க் கிடக்கும்போது அதைப் படிக்காத மெஷினை யார் வாங்குவார்கள்? எனவே 720 கேபி, 1.44 எம்பி இரண்டோடு 1.2 எம்பியும் படிக்க, வேகத்தை மாற்றிக்கொள்ளும் டிரைவ் வந்தது. மூன்றாவது மோட் என்பது இதுதான். மோட்டார் வேகம் மாறக்கூடிய டிரைவ் வேண்டும், கூடவே பயாஸோ டிரைவரோ ஒத்துழைக்க வேண்டும். சாதாரண டிரைவை மாட்டிவிட்டு பயாஸில் மட்டும் எனேபிள் செய்தால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, பழக்கம் சார்ந்தது. 98இல் எந்த டிரைவிலிருந்து பூட் ஆனதோ அதுவே ஏ. ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் அது ஏ. ஏடியில் ஏ என்றால் ஃப்ளாப்பி, ஹார்டு டிஸ்க் சி. கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் (batch) கோப்புகளில் ஏ என்று எழுதிவைத்திருந்த அலுவலகங்கள் மெஷின் மாற்றிய நாளில் டிரைவ் கடகடவென்று சத்தம் போடுவதைக் கேட்டிருக்கும்.

தாளும் கீபோர்டும் தயாராக இருந்தன; சந்தையை உடைத்தது விலை. 1992 அக்டோபரில் காம்பாக் தன் புரோலீனியாவை 1,28,000 யென் என்று தொடங்கியது. உள்ளூர் மெஷின்களின் விலையைப் பார்த்துப் பழகிய ஜப்பானில் அதற்கு ‘காம்பாக் அதிர்ச்சி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐபிஎம் ஜப்பானும் அதே மாதம் மலிவான பிஎஸ்/வியை இறக்கியது. 1993 ஜனவரியில் என்இசி 98 ஃபெல்லோ, 98 மேட் என்று விலை குறைத்து வரவேண்டியதாயிற்று. ஏஎக்ஸுக்கு வெளியே நின்ற புஜிட்சு 1993இல் எஃப்எம்வி வரிசையோடு ஏடி பக்கம் வந்தது. காம்பாக்கின் திறமை என்பதைவிட, தனி சிப் எதுவும் தேவைப்படாத தரம் ஒன்று தயாராக இருந்ததுதான் அந்த விலையைச் சாத்தியமாக்கியது என்றே கொள்ளவேண்டும். ஏஎக்ஸ் காலத்தில் காம்பாக் வந்திருந்தால் அதற்கும் ஒரு ஜேஈஜிஏ வாங்கவேண்டி வந்திருக்கும்.

1993 மே மாதம் ஜப்பானிய விண்டோஸ் 3.1, 1995 நவம்பர் 23 விண்டோஸ் 95. திரையில் எழுதுவது விண்டோஸின் வேலையான பிறகு, 98க்கென எழுதிக் குவித்த டாஸ் மென்பொருளின் பாதுகாப்பு என்இசிக்குப் போய்விட்டது. 1997இல் பிசி98-என்எக்ஸ் என்று வந்ததே, அதன் உள்ளே 98 கிடையாது. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டியின் பெயரும் ‘பிசி 98’ என்று அமைந்தது என்இசிக்கு வசதியான தற்செயல். உண்மையான 98க்கு ஆர்டர் எடுப்பதை 2003இல் நிறுத்தினார்கள். இதற்கிடையில் ‘டாஸ்/வி மெஷின்’ என்ற பெயர் ஜப்பானில் ஏடி வகை பிசிக்கே ஒட்டிக்கொண்டது. டாஸ் ஓடாத, விண்டோஸ் மட்டுமே ஓடும் மெஷினையும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்று கையில் எடுத்தால்

டாஸ்/வியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற எமுலேட்டர் எளிய வழி. அமைப்புக் கோப்பில் டாஸ்வி என்ற பகுதியில் ‘ஜேபி’ என்று கொடுத்தால் ஜப்பானியத் திரை வரும். டிரைவர் வரிசையையும் ஹெச்எஸ் சுவிட்சையும் நேரில் பார்க்க வேண்டுமானால் முழு மெஷினைப் போலி செய்யும் 86பாக்ஸ் போன்றதில் அசல் டாஸை நிறுவ வேண்டும்.

பழைய 1.2 எம்பி டிஸ்க் கையில் இருந்தால், மூன்று மோட் டிரைவைத் தேடி அலையவேண்டாம். க்ரீஸ்வீசில் மாதிரி சாதனம் காந்தத் துடிப்புகளின் இடைவெளியையே பதிவுசெய்கிறது. 300இல் சுற்றும் சாதாரண 3.5 அங்குல டிரைவிலேயே எடுத்து, வேகக் கணக்கைப் பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். டிஸ்கின் எழுது-தடை துளையை முதலில் திறந்துவையுங்கள்.

பலருக்கும் உண்மையில் தேவைப்படப்போவது கீபோர்டு விஷயம். ஜப்பானிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் விண்டோஸ் போட்டதும் குறிகள் தாறுமாறாக வரும். @ அடித்தால் [ வரும், [ அடித்தால் ], ] அடித்தால் பின்சாய்கோடு, முக்காற்புள்ளிக்கு ஒற்றை மேற்கோள். இடது மூலையில் இருக்கும் ஹன்காகு/ஜென்காகு விசை சாய்ந்த ஒற்றைக் குறியைப் போடும். யென் விசையும் ‘ரோ’ விசையும் செத்துக் கிடக்கும். விசைப்பலகை பழுது என்று மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் அதை 101 விசை அமெரிக்கக் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மொழி அமைப்பில் ஜப்பானியத்தைச் சேர்த்து, அதன் விருப்பங்களுக்குள் போய் வன்பொருள் கீபோர்டு அமைப்பை 106/109 விசை என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் இல்லாமல் மாறாது; பலர் தவறுவது இங்கேதான். லினக்ஸில் மாடலை ஜேபி106 என்றும் அமைப்பை ஜேபி என்றும் கொடுத்தால் முடிந்தது. முடிந்ததும் ஆங்கில ‘P’ விசைக்கு வலப்பக்கம் இருக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டுங்கள். @ வந்தால் சரி. யென் விசையைத் தட்டினாலும் ‘ரோ’ விசையைத் தட்டினாலும் விண்டோஸில் பின்சாய்கோடே வந்தால் திகைக்க வேண்டாம். இரண்டும் 92தான் அனுப்புகின்றன. வேறுபாடு ஷிஃப்ட்டோடு மட்டும்: முன்னதில் நெடுங்கோடு, பின்னதில் அடிக்கோடு.